சோப்புத் தொழிற்சாலையிலிருந்து இருநூறு மீட்டர் தெற்கே

“இந்த ஊர்ல ஒரு வீட்டக் கண்டுபிடிக்க எனக்கு என்னிக்கு ஒரு தகரத் துண்டு தேவைப்படுதோ, அன்னிக்கு என்னையும் இதே ஆம்புலன்ஸ்ல படுக்கப்போட்டுக் கொண்டு போயிடுங்க. கூப்பிடுறவங்க முகவரியச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள நான் அவங்க கேட்டுல நிப்பேன்!”

தொன் எவெலியோ உமான்யா இதைச் சொன்ன இடம் சான் பர்த்தோலோ தேவாலயத்தின் கூடம். ஞாயிறு பூசை முடிந்து காப்பி கொடுக்கும் நேரம். மேடையில் மேயரும் பங்குச் சாமியாரும் தலைநகரிலிருந்து வந்திருந்த பொறியாளர் செலெதோனும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் மேசை நிறைய நீல நிறத் தகரப் பலகைகள். ஒவ்வொன்றிலும் ஒரு தெரு எண், ஒரு வீட்டு எண். கூடவே சின்னப் பையில் நான்கு ஸ்க்ரூ. ஒவ்வொரு குடும்பமும் தன் கேட்டில் இதை மாட்டிவிட்டால் ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் ஒரு நிமிடம்கூட வீணாக்காமல் வந்து சேரும் என்று பொறியாளர் விளக்கி முடித்தார். கூடம் முழுவதும் கைதட்டுவதற்கு முன்னால் திரும்பி எவெலியோவைப் பார்த்தது. இருபத்தாறு வருடமாக அந்த ஊரின் ஆம்புலன்ஸை ஓட்டுகிறவர் அவர், ஊரே மரியாதையாகத் ‘தொன்’ போட்டுக் கூப்பிடுகிறவர். அவருடைய முகத்தைப் பார்க்காமல் எப்படிக் கைதட்டுவது?

எவெலியோ கையிலிருந்த, பூரணம் வைத்துப் பொரித்த எம்பனாதாவைத் தட்டில் வைத்தார். மீசையில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்தார். எழுந்து நின்று மேலே சொன்னதைச் சொன்னார். கூரை அதிர்ந்தது. சாமியார்கூட ஒரு தடவை கைதட்டிவிட்டு, மேயரின் முகத்தைப் பார்த்ததும் அதைக் கொசு அடித்ததாக மாற்றிக்கொண்டார்.

அவர் சொன்னது முழுப் பொய் இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்தாக வேண்டும். எங்கள் ஊரில் தெருக்களுக்குப் பெயர் இல்லை என்று சொன்னால் நகராட்சிக்குக் கோபம் வரும். பெயர் உண்டு, எண்ணும் உண்டு. அவை யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான். “தியேட்டர் இருந்த இடத்திலிருந்து நூறு மீட்டர் வடக்கே, ஐம்பது மேற்கே, இரட்டைப் பெண்கள் பிறந்த வீட்டுக்கு எதிரே” என்றால் அது முகவரி. தியேட்டர் எரிந்து நாற்பது வருடம் ஆகிறது. அந்த இரட்டைப் பெண்கள் இருவரும் இப்போது ஓய்வூதியம் வாங்குகிறார்கள். ஆனாலும் தபால் வந்து சேர்கிறது. நூறு மீட்டர் என்பதையும் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு தெருமுனையிலிருந்து அடுத்த தெருமுனை வரைக்கும் எங்களுக்கு நூறு மீட்டர். அது எண்பதாகவும் இருக்கலாம், நூற்று நாற்பதாகவும் இருக்கலாம். டேப் வைத்து அளந்து பார்க்கிறவன் வெளியூர்க்காரன்.

இந்தக் கதைகள் அத்தனையும் எவெலியோவின் தலைக்குள் இருந்தன. எந்த மாமரம் எந்த வருடம் வெட்டப்பட்டது, எந்த மதுக்கடை மருந்துக்கடை ஆனது, எந்த விதவை எந்தத் தெருவுக்கு மறுமணம் ஆகிப் போனாள் என்று எல்லாம் தெரியும். பிரசவ வலியில் ஒரு பெண் “மூக்கறுந்த சிலை” என்று ஆரம்பித்தால் போதும், அவர் கியர் மாற்றிவிடுவார்.

பலகையோடு வீட்டுக்குத் திரும்பிய எவெலியோவை வாசலிலேயே ஸ்க்ரூ டிரைவரோடு வரவேற்றாள் மனைவி ஒதீலியே.

“குடுங்க, கேட்டுலயே மாட்டிடலாம். அழகா இருக்கு, நீலம்.”

“ஆம்புலன்ஸ்காரன் வீட்டுக்கே நம்பரா? ஊர் சிரிக்கும்.”

“ஊர் சிரிக்கட்டும். எரிமலை தும்மினா எனக்கு மூச்சு முட்டுது. நீங்க இல்லாத நேரத்துல எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் வந்து கண்டுபிடிப்பா?”

“நான் இல்லாத நேரம்னு ஒண்ணு எங்க இருக்கு?”

ஒதீலியேவுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. எங்கள் எரிமலை வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை சாம்பலைக் கக்கும். காற்று எங்கள் பக்கம் திரும்பினால் கொடியில் காயும் துணி சாம்பல் பூக்கும், ஒதீலியேவின் நெஞ்சு விசிலடிக்கும். அவளுடைய கவலை அது ஒன்றுதான்: அந்த விசில் நிற்பதற்குள் யாராவது ஆக்சிஜனோடு வந்து சேர வேண்டும்.

எவெலியோ பின்கட்டுக்குப் போனார். அங்கே துவைக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் வாஷிங் மெஷின் நின்றது. அதற்கு ஒரு கால் குட்டை. துணி பிழியத் தொடங்கினால் அது தாளம் போட்டபடி நகர்ந்து சமையலறைக்குள் வந்து நிற்கும். எவெலியோ அதை ஒரு பக்கமாகத் தூக்கி, நீலப் பலகையை அந்தக் குட்டைக் காலுக்கு அடியில் தள்ளினார். எண் இருந்த பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மெஷின் அசையவில்லை.

“பாத்தியா? நகராட்சி குடுத்ததுல மொத தடவையா ஒண்ணு உபயோகமாயிருக்கு.”

ஒதீலியே ஸ்க்ரூ டிரைவரையும் ஸ்க்ரூப் பையையும் டிராயரில் போட்டு, தேவைக்கு அதிகமான சத்தத்தோடு மூடினாள்.

ஆம்புலன்ஸ்காரரே மாட்டாதபோது மற்றவர்கள் மாட்டுவார்களா? பக்கத்து வீட்டு ஃப்ளோரி தன் பலகையால் பீன்ஸ் பானையை மூடினாள், அளவு கச்சிதமாக இருந்தது. கசாப்புக் கடைக்காரர் ஈ அடிக்க வைத்துக்கொண்டார். தேவாலயத்தின் பலகையைச் சாமியார் என்ன செய்தார் என்பது தெரியவில்லை. ஆனால் அந்த வருடம் உண்டியலின் அடிப்பாகம் நீலமாக இருந்தது.

மூன்று வருடம் இப்படி நிம்மதியாகக் கழிந்தது. பிறகு இந்த வருடம் பிப்ரவரியில் பொறியாளர் செலெதோன் மறுபடியும் வந்தார். இந்த முறை தகரம் இல்லை, மின்சாரம். நிலையத்திலிருந்த இரண்டு ஆம்புலன்ஸிலும் ஒவ்வொரு திரை. அதில் ஊரின் வரைபடம். நிலையத்தில் அழைப்பை எடுக்கும் கிரெத்தெல் முகவரியைத் தட்டினால் திரை வழி சொல்லும். வண்டி எந்த வழியில் வருகிறது என்று ஊரின் நான்கு சிக்னல்களுக்கும் முன்கூட்டியே தகவல் போகும், வண்டி வந்து சேர்வதற்குள் அவை பச்சைக்கு மாறிக் காத்திருக்கும். மற்ற வண்டிகள் தானாக நிற்கும். ஆம்புலன்ஸும் பிழைக்கும், குறுக்கே வருகிறவனும் பிழைப்பான்.

“சிக்னல் எனக்கு சலாம் போடுமா?” என்று எவெலியோ கேட்டார்.

“போடும், தொன் எவெலியோ. திரை சொல்ற வழியில போனா போடும்.”

இங்கேதான் சிக்கல். திரைக்குள் ஒரு பெண் குரல் இருந்தது. எங்கள் மொழிதான், ஆனால் கடல் தாண்டிய ஸ்பெயின் தேசத்து உச்சரிப்பு. நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்துக்கொண்டு “வலப்புறம் திரும்பவும்” என்றது. “இந்தப் பொம்பள வாழ்நாள்ல ஒரு வாய் பீன்ஸ் சோறு தின்னிருப்பாளா? இவ எனக்கு வழி சொல்றா!” என்று எவெலியோ கொதித்தார். முதல் வாரமே அவருக்குத் தோதாக ஒரு சம்பவமும் நடந்தது. ஒரு பிரசவக் கேஸ். கிரெத்தெல் ஊர் வழக்கப்படி “சோப்புத் தொழிற்சாலையிலிருந்து இருநூறு தெற்கே” என்று கேட்டதை அப்படியே திரைக்கு அனுப்பினாள். தொழிற்சாலை இருந்த இடத்தைத் திரைக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் இருநூறு என்றால் இரண்டு தெருமுனை என்று சொல்லிக் கொடுக்கவில்லை. அது சுத்தமாக இருநூறு மீட்டரை அளந்து, ஸ்பெயின் குரலில் “நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள்” என்றது. எதிரே சவப்பெட்டிக் கடை.

எவெலியோ அந்தக் கதையை எட்டு மாதம் சொன்னார். சொல்லும்போதெல்லாம் சவப்பெட்டிக் கடைக்காரரின் முகபாவனையையும் நடித்துக் காட்டினார். அன்று சாயங்காலமே திரையை அணைத்து, அதன்மேல் தேவமாதாவின் படத்தை ஒட்டினார். அதைப் பிய்க்க யாருக்குத் துணிச்சல் வரும்? அன்றிலிருந்து தன் குறுக்குச் சந்துகளிலேயே போனார். திரையின் வழியில் போகாததால் சிக்னல்கள் அவரைக் கண்டுகொள்ளவில்லை. நான்கும் சொல்லி வைத்தாற்போல் அவர் வரும்போது சிவப்பாக இருந்தன. “சலாம் போடுமாம்!” என்று ஒவ்வொரு முனையிலும் ஸ்டியரிங்கில் குத்தினார்.

இரண்டாவது வண்டியை ஓட்டுபவர் யொர்லேனி. வடக்கே லிபேரியா என்ற ஊர்ப் பக்கத்துப் பெண், ஜனவரியில் வேலைக்கு வந்தவர். அவருக்கு எந்தத் தியேட்டர் எரிந்தது என்பது தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. திரை சொன்ன வழியில் போனார். சிக்னல்கள் அவருக்கு சலாம் போட்டன. இது எவெலியோவுக்குத் தனி எரிச்சல்.

“ஏம்மா, ஒரு நாள் அந்த மெஷின் செத்துப்போச்சுன்னா என்ன பண்ணுவ?”

“உங்களக் கேப்பேன், தொன் எவெலியோ.”

“நான் செத்துப்போயிட்டா?”

“அதுக்குத்தான் மெஷின்.”

அக்டோபர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் எரிமலை தொண்டையைக் கனைத்தது. மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கச் சாம்பல். எல்லாரும் ஜன்னலை அடைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டார்கள். எவெலியோ ஓர் இடுப்பெலும்பு முறிவுக்காரரைத் தலைநகர் ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கையில் முதலுதவிக்காரர் ஹெய்னர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். பாலத்துக்கு முன்னால் எல்லா வண்டியும் நின்றுவிட்டது. சாம்பலில் ஒரு லாரி சறுக்கிக் குறுக்கே படுத்திருந்தது. முன்னாலும் நகர முடியாது, பின்னாலும் நகர முடியாது. ஊருக்கு இன்னும் பதினொரு கிலோமீட்டர்.

ரேடியோவில் கிரெத்தெலின் குரல் கேட்டது. யாரைக் கூப்பிட்டாலும் ‘கண்ணு’ என்றுதான் கூப்பிடுவாள், மேயரைக்கூட. இன்றைக்கு அந்தக் கண்ணு இல்லை.

“தொன் எவெலியோ, எங்க இருக்கீங்க?”

“பாலத்துக்கு இந்தப் பக்கம். சொல்லு.”

“உங்க வீட்டம்மா, தோன்யா ஒதீலியே கூப்பிட்டாங்க. மூச்சு விட முடியல. பேச முடியல. பின்கட்டுல விழுந்துட்டாங்கன்னு நெனைக்கிறேன், லைன் இன்னும் இருக்கு. யொர்லேனிய அனுப்பிட்டேன்.”

எவெலியோ சைரனைப் போட்டார். முன்னால் இருந்த பஸ் பரிதாபமாக ஒரு சாண் நகர்ந்தது. அதற்குமேல் அதற்கும் இடம் இல்லை. ஹெய்னர் விழித்துக்கொண்டார்.

“என்ன முகவரி குடுத்த?” என்று எவெலியோ ரேடியோவில் கத்தினார்.

“எனக்குத் தெரிஞ்சதுதான். சோப்புத் தொழிற்சாலையிலிருந்து இருநூறு தெற்கே, எழுபத்தஞ்சு கிழக்கே.” கிரெத்தெல் அடுத்த ஊர்க்காரி. எவெலியோவின் முகவரி அவளுக்கு மனப்பாடம், வீட்டைப் பார்த்ததில்லை.

யொர்லேனியின் குரல் குறுக்கே வந்தது. “இருநூறு மீட்டர் வந்துட்டேன். ஆனா கிழக்கே திரும்பத் தெரு இல்ல, இது வீடும் இல்ல. சவப்பெட்டிக் கடை.”

எட்டு மாதம் சிரித்த கதை. எவெலியோ மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்தார்.

“அங்க நிக்காதம்மா! தெக்கே போ. அடுத்த முனைக்கு.”

“எந்த முனை? முன்னால ரெண்டா பிரியுது.”

“குஸ்மான் வீட்டுப் பக்கம் போ.”

“குஸ்மான் யாரு?”

“அவர் போய்ச் சேந்துட்டாரு. அவர் வீடு, முன்னால பெரிய அவகாடோ மரம் நின்னுச்சே.”

“நின்னுச்சா, நிக்குதா?”

எவெலியோ, “வெட்டிட்டாங்க” என்றார்.

“தொன் எவெலியோ, இல்லாத மரத்துல இருந்து நான் எப்படித் திரும்புறது? இருக்கிறதா ஒண்ணு சொல்லுங்க!”

“டயர் கடை! அங்க ஒரு டயர் கடை இருக்கு.”

“மூணு இருக்கு.”

“மாரின் டயர் கடை.”

“பேர் பலகையெல்லாம் சாம்பல் மூடியிருக்கு. தெருவுல கேக்கறதுக்கு ஒரு ஆள் இல்ல. சவப்பெட்டிக் கடைக்காரர் மட்டும் கதவத் திறந்துட்டு வர்றாரு.”

“அவர்கிட்ட கேக்காத!” என்றார் எவெலியோ. ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. அந்த மனிதரின் முகபாவனையை எட்டு மாதம் நடித்துக் காட்டியவருக்கு, இன்றைக்கு அது எப்படி இருக்கும் என்று கண்முன்னே வந்திருக்க வேண்டும்.

ஹெய்னர் மெல்லத் தேவமாதாவின் ஒரு முனையைப் பிடித்தார். எவெலியோ தடுக்கவில்லை. படம் கிழியாமல் வந்தது. அதைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு ஹெய்னர் திரையின் பொத்தானை அமுக்கினார். எட்டு மாதம் தூங்கிய திரை விழித்து, தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருப்பதாகவும் தயவுசெய்து காத்திருக்கும்படியும் கேட்டுக்கொண்டது. நான்கு சதவீதம்.

“யொர்லேனி, கேளு” என்றார் எவெலியோ. குரலைத் தாழ்த்தினால் விஷயம் தெளிவாகும் என்று நம்புகிறவரைப்போல ஒவ்வொரு சொல்லாக உச்சரித்தார். “நீ ரெண்டாவது முனையில கிழக்கால திரும்பு. முக்கால் தெரு. வலது கை பக்கம் பச்ச கேட்டு.”

“தொன் எவெலியோ,” என்று ஹெய்னர் இழுத்தார், “பச்ச இல்ல. சுதந்திர தினத்துக்கு நீங்கதான் பிரவுன் அடிச்சீங்க. நான் ஏணியப் பிடிச்சேன்.”

“பிரவுன்! பிரவுன் கேட்டு!”

“எல்லா கேட்டும் சாம்பல் கலர்ல இருக்கு!”

“வாசல்ல மஞ்ச நாய் ஒண்ணு படுத்திருக்கும்!”

யொர்லேனி வைப்பரைப் போட்டுப் பார்க்கும் சத்தம் ரேடியோவில் கேட்டது.

“இங்க நாலு நாய் இருக்கு, தொன் எவெலியோ. நாலும் சாம்பல்.”

ஊரிலுள்ள ஆறாயிரம் வீட்டையும் கண்ணைக் கட்டிக்கொண்டு கண்டுபிடிக்கக்கூடிய மனிதர், ஒரே ஒரு வீட்டை வாயால் சொல்ல முடியாமல் பாலத்துக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். வீடு அவருக்குத் தெரியும். கண்ணை மூடினால் அதன் கேட் கொக்கியின் சத்தம்கூடக் கேட்டது. ஆனால் அதைத் தெரிந்துகொள்ள ஒருவர் இந்த ஊரில் ஐம்பத்தெட்டு வருடம் வாழ்ந்திருக்க வேண்டும். யொர்லேனிக்குப் பத்து மாதம்தான் கிடைத்திருந்தது. ஒதீலியேவுக்கு எவ்வளவு இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

“கிரெத்தெல், லைன்ல அவ இருக்காளா?”

“இருக்காங்க. விசில் மாதிரி சத்தம் வருது.”

விசில் இருக்கும்வரை பயமில்லை என்று எவெலியோ எத்தனை குடும்பங்களுக்குச் சொல்லியிருப்பார்! இப்போது அதையே தனக்குச் சொல்லிப் பார்த்தார். பிடிக்கவில்லை.

“இருங்க,” என்றாள் கிரெத்தெல். “ஏதோ சொல்றாங்க. எண்ணா? இன்னொரு தடவ சொல்லு கண்ணு, அவசரமில்ல, மெதுவா. ஏழு. சரி. இருநூத்தி... முப்பத்தெட்டு. ஏழாம் தெரு, இருநூத்தி முப்பத்தெட்டு!”

“அது யார் வீட்டு நம்பர்?” என்று கேட்டார் எவெலியோ.

பதில் கிரெத்தெலிடமிருந்து வந்தது.

“உங்க வீட்டு நம்பர், தொன் எவெலியோ.”

அதற்குப் பிறகு அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. யொர்லேனி மைக்கை அணைக்க மறந்திருந்தார். அதனால் எவெலியோவுக்கு எல்லாம் கேட்டது. அந்த ஸ்பெயின் பெண் நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, அவசரப்படாமல், “முந்நூற்று எழுபது மீட்டர். இடப்புறம் திரும்பவும்” என்றாள். சைரன் கேட்டது. “சிக்னல் பச்ச” என்று யொர்லேனி தனக்குத்தானே சொல்லிக்கொண்டது கேட்டது. பிரேக் போடும் சத்தம் இல்லை, குறுக்கே யாரும் வரவில்லை. “வலப்புறம் திரும்பவும்.” எவெலியோ ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நின்ற வண்டியை வலப்புறம் திருப்பினார். ஹெய்னர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

“நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள்.”

கேட் கொக்கியின் சத்தம். அவருக்குத் தெரிந்த அதே சத்தம். பிறகு ஃப்ளோரியின் கூச்சல், ஓடும் காலடிகள், ஆக்சிஜன் உருளை கதவில் இடிக்கும் ஓசை.

ஒன்பது நிமிடம் கழித்து யொர்லேனி, “மூச்சு வந்துடுச்சு. கிளினிக்குக் கூட்டிட்டுப் போறேன்” என்றார். அதே நேரம் எவெலியோவின் திரை நூறு சதவீதத்தை எட்டி, அவரை அன்போடு வரவேற்றது.

அவர் கிளினிக்குக்கு வந்து சேரும்போது மணி நான்கு. ஒதீலியே மூக்கில் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலைமுடியில் சாம்பல், கன்னத்தில் சோப்புத் தூள். இருபது வயது கூடினாற்போல் இருந்தாள். ஆனால் கண் மட்டும் விஷமமாக இருந்தது.

“நம்பர் எப்படித் தெரியும்?” எவெலியோ நின்றபடியே கேட்டார். வேறு எதையாவது கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் வந்தார், வாயில் வந்தது இதுதான்.

“சாம்பல் விழுந்த கர்ட்டனத் துவைக்கப் போடப் போனேன். அப்படியே சரிஞ்சுட்டேன். தரையில கன்னம் வெச்சுக் கெடக்கும்போது கண்ணுக்கு நேரா அதுதான் இருந்துச்சு. நீலமா.” குழாயைச் சரிசெய்துகொண்டாள். “மூணு வருஷமா நாளுக்கு ஒரு தடவ பாக்கறேன். இருந்தாலும் இன்னிக்குத்தான் படிச்சேன்.”

எவெலியோ தொப்பியைக் கழற்றிக் கையில் சுற்றினார்.

“கவலப்படாதீங்க,” என்றாள் ஒதீலியே. “கேட்டுல மாட்டியிருந்தா நான் பின்கட்டுல கெடந்து எப்படிப் படிச்சிருப்பேன்? ‘நான் மெஷினுக்கு அடியில வெச்சதாலதான் என் பொண்டாட்டி பொழச்சா’ன்னு ஊர்ல சொல்லுங்க. நம்புவாங்க. நீங்க சொன்னா எதையும் நம்புற ஊரு.”

அது மிகவும் உறுதியான வாதம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தேவாலயக் கூடத்தில் சொல்லியிருந்தால் கூரை மறுபடியும் அதிர்ந்திருக்கும். வழியில் எவெலியோவே அதை யோசித்துப் பார்த்திருந்தார் என்றும், முதல் வாக்கியத்தைக்கூட மனத்துக்குள் தயாரித்து வைத்திருந்தார் என்றும் சந்தேகப்பட இடமிருக்கிறது. வெளியே வந்தபோது கிளினிக் வாசலில் பத்துப் பதினைந்து பேர் அதற்காகவே நின்றிருந்தார்கள். கசாப்புக் கடைக்காரர் தலையை நீட்டி, “என்ன தொன் எவெலியோ, அந்தப் பொண்ணு வழி தெரியாம சவப்பெட்டிக் கடைக்குப் போயிடுச்சாமே?” என்று எடுத்துக் கொடுத்தார்.

“நான் சொல்லி வெச்ச முகவரி அது,” என்றார் எவெலியோ. தொப்பியைப் போட்டுக்கொண்டு நடந்து போனார். வந்தவர்களுக்குப் பெரிய ஏமாற்றம்.

மூன்றாம் நாள் காலையில் ஒதீலியே வீடு திரும்பினாள். மழை சாம்பலைக் கழுவியிருந்தது. நாய் மறுபடியும் மஞ்சளாகி வாசலில் படுத்திருந்தது. துவைக்காமல் விட்டுப்போன கர்ட்டன்கள் அப்படியே நாறிக்கொண்டிருந்தன. யார் தடுத்தும் கேளாமல் ஒதீலியே அவற்றை மெஷினில் போட்டு, மூடியை மூடி, காப்பி வடிகட்டப் போனாள்.

எவெலியோ டிராயரை மெல்லத் திறந்து, ஸ்க்ரூ டிரைவரையும் ஸ்க்ரூப் பையையும் எடுத்தார். சத்தமில்லாமல் மூடினார். பின்கட்டுக்குப் போய், மெஷினை ஒரு பக்கமாகத் தூக்கிப் பலகையை உருவினார். மூன்று வருடச் சோப்பு நுரை அதில் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. சட்டை நுனியால் துடைத்தார். ஏழு. இருநூற்று முப்பத்தெட்டு. பார்க்க அப்படியொன்றும் கஷ்டமான எண்ணாக இல்லை.

கேட் பக்கத்தில் யாரும் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஃப்ளோரி மட்டும் துணி உலர்த்துவதுபோல் நின்றாள், கையில் துணி இல்லை. எவெலியோ பலகையைக் கேட்டின்மேல் வைத்துப் பார்த்தார். கோணல். சரிசெய்தார். முதல் ஸ்க்ரூவைத் திருகத் தொடங்கினார். ஃப்ளோரி அரவமில்லாமல் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய சமையலறையில் பானை மூடி ஒன்று கழற்றப்படும் சத்தம் கேட்டது.

இங்கே வாஷிங் மெஷின் துணி பிழியத் தொடங்கியது. தடதடவென்று தாளம் போட்டது. பின்கட்டிலிருந்து கிளம்பிவிட்டது என்பது சத்தத்திலேயே தெரிந்தது.

“எவெலியோ!” உள்ளேயிருந்து ஒதீலியே கூப்பிட்டாள். “மெஷின் சமையலறைக்குள்ள நடந்து வருது! அடியில இருந்தத யார் எடுத்தது? எங்க இருக்கீங்க நீங்க?”

எவெலியோவின் வாயில் மூன்று ஸ்க்ரூ இருந்தது. அதனால் அவர் எதுவும் சொல்லவில்லை.